நீரிழிவும் மன உளைச்சலும்: மருத்துவ அட்டையில் ஏறாத ஒரு கணக்கு

நமது நாட்டில் நீரிழிவு நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதை அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை பல கட்டங்களாக ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. 31 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 20 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள 1,13,043 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். 2023-இல் வெளிவந்த அதன் முடிவின்படி, வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு உள்ளது. 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இது 10.1 கோடிப் பேர். நோயின் வாயிலில் நிற்போர் மேலும் 13.6 கோடிப் பேர். கோவாவில் 26.4 சதவீதம், உத்தரப் பிரதேசத்தில் 4.8 சதவீதம் என்று மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறுபட்டாலும், நோய் இல்லாத மாநிலம் என்று எதனையும் சுட்ட இயலாது.

இத்தகைய புள்ளிவிவரங்களைத் திட்டம் வகுப்போர் நன்கு அறிவர். ஆனால் நோயாளி கையில் வைத்திருக்கும் அட்டையைப் பாருங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை, உணவுக்குப் பின் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, இரத்த அழுத்தம், எடை ஆகியவற்றுக்கெல்லாம் அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இத்தனை எண்களையும் ஆண்டுக்கணக்கில் சுமந்து திரியும் மனிதனின் மனநிலைக்குக் கட்டம் இல்லை. இது வெறும் படிவக் குறைபாடு அன்று என்பதும், அந்தக் கட்டம் இல்லாமையால் மற்றக் கட்டங்களில் எழுதப்படும் எண்களே கெடுகின்றன என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

உள்ளத்திலிருந்து இரத்தத்திற்கு

மனத்துக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் புதியதன்று. நீண்ட துயரம் நீரிழிவுக்குக் காரணமாகலாம் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் கருதினார். அது அவருடைய ஊகமே. 1849-இல் பிரெஞ்சு அறிஞர் குளோத் பெர்னார், முயலின் மூளையடியில் ஒரு குறிப்பிட்ட இடத்தை ஊசியால் குத்தியதும் அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதைக் காட்டினார். இரத்தச் சர்க்கரையின் மீது நரம்பு மண்டலத்துக்கு ஆட்சி உண்டு என்பது அன்று ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது. அமெரிக்காவில் வால்டர் கேனன் 1911-இல், அச்சமும் சினமும் ஊட்டப்பட்ட பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வெளிப்படுவதை எடுத்துக்காட்டினார்.

கேனனின் குழுவினர் பின்னர் செய்த ஒரு சோதனை மாணவர்களுக்குச் சுவையானது. 1913-ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதியான, பரபரப்பு மிகுந்த பந்தயம் முடிந்தவுடன், ஹார்வர்டு பல்கலைக்கழகக் கால்பந்து அணியைச் சேர்ந்த 25 பேரின் சிறுநீரை அவர்கள் சோதித்தனர். 12 பேரிடம் சர்க்கரை காணப்பட்டது. அந்தப் பன்னிருவரில் ஐவர் களத்தில் இறங்காமல் ஓரத்தில் அமர்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள்! உடல் உழைப்பு ஏதுமின்றி, மனக் கிளர்ச்சி ஒன்றாலேயே, நோயற்ற இளைஞர் உடலில் இம்மாற்றம் நிகழ்ந்தது.

இது நிகழும் வழி இன்று தெளிவாகத் தெரிகிறது. ஆபத்து வந்தது என்று மூளை உணர்ந்ததும் அட்ரீனலின் சுரக்கிறது. கல்லீரல் தன்னிடம் சேமித்துள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகிறது. சற்றுப் பின்னர் கார்ட்டிசால் என்னும் சுரப்பு உயர்ந்து, புதிய சர்க்கரை உற்பத்தியைத் தூண்டுவதுடன் இன்சுலினின் செயலையும் மந்தப்படுத்துகிறது. புலியைக் கண்டு ஓட வேண்டியவனுக்கு இந்த ஏற்பாடு உயிர்காப்பு. கடன் தவணையை எண்ணி இரவில் விழித்திருப்பவனுக்கோ, ஓட்டமும் இல்லை, சர்க்கரை செலவாவதும் இல்லை. நலமான உடலில் கணையம் உடனே கூடுதல் இன்சுலினைச் சுரந்து நிலைமையைச் சீர்செய்துவிடும். நீரிழிவு உள்ளவரிடம் அந்தத் திறன்தான் குன்றியிருக்கிறது.

ஆயினும் சுரப்புகளின் மீது மட்டும் பழியைப் போடுவது சரியன்று. நெருக்கடியின்போது சர்க்கரை எவ்வளவு ஏறும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அன்றாட வாழ்வில் இதைவிடப் பெரிய வழி ஒன்று உண்டு. மனம் சோர்ந்தவர் காலை நடையை நிறுத்துகிறார், மாத்திரையை மறக்கிறார், வேளை தவறி உண்கிறார், உறக்கம் கெடுகிறது, விட்டிருந்த பீடியை மீண்டும் தொடுகிறார். இவற்றின் கூட்டு விளைவே பெரும்பாலும் சோதனைச் சீட்டில் எண்ணாக வந்து நிற்கிறது.

மூன்றும் ஒன்றல்ல

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'டென்ஷன்' என்று சொல்லிவிடுகிறோம். அலுவலருக்கும் மாணவருக்கும் வேறுபாடு தெரிந்திருத்தல் நலம். குடும்பத் தொல்லை, வேலைப் பளு, வெள்ளம், வறட்சி முதலிய புற நெருக்கடிகளால் எவர்க்கும் ஏற்படுவது பொதுவான மன அழுத்தம். நீரிழிவோடு வாழ்வதன் சுமையிலிருந்தே பிறப்பது நீரிழிவு சார்ந்த மன உளைச்சல். கண் போய்விடுமோ, கால் போய்விடுமோ என்ற அச்சமும், இத்தனை செய்தும் எண் இறங்கவில்லையே என்ற ஏமாற்றமும், விலக்கப்பட்ட ஒன்றைத் தின்றுவிட்ட குற்றவுணர்வும், வாழ்நாள் முழுதும் விடுமுறையில்லாத ஒரு வேலையில் சிக்கிக்கொண்ட களைப்பும் இதில் அடங்கும். மூன்றாவது, மனச்சோர்வு எனும் நோய். குறைந்தது இரண்டு வாரங்களாகவேனும் எதிலும் நாட்டமின்மை, நம்பிக்கையிழப்பு, உறக்கமும் பசியும் கெடுதல் ஆகியன நீடித்து, அன்றாடக் கடமைகளையே முடக்குவது.

2001-இல் 42 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, நீரிழிவு இல்லாதோரைவிட உள்ளோரிடம் மனச்சோர்வுக்கான வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்று தெரியவந்தது. தொடர்பு இருதிசையானது. மனச்சோர்வு உள்ளவருக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடுகிறது. எனினும் சர்க்கரைச் சிகிச்சைக்கு வருவோரில் பலருக்கு உள்ளது மனச்சோர்வு நோயன்று, முன்சொன்ன உளைச்சலே. 1995-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உளவியலறிஞர் வில்லியம் பொலான்ஸ்கியும் உடன் பணியாற்றியோரும் ஓர் அளவுகோலை அமைத்து இதனைத் தனியே அளக்கத் தொடங்கினர். 2005-இல் வந்த மற்றோர் அளவுகோல், உளைச்சலை நான்கு வகையாகப் பிரிக்கிறது: உணர்ச்சிச் சுமை, சிகிச்சை முறையால் வரும் சுமை, சுற்றத்தாரால் வருவது, மருத்துவரால் வருவது. கடைசி வகையைப் படிக்கும்போது மருத்துவத் துறையினர் சற்றே முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அது காரணமின்றிச் சேர்க்கப்பட்டதன்று.

பிரித்தறிவதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உள்ளது. சர்க்கரை மிகுந்தால் சோர்வும் எடையிழப்பும் வரும். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதால் உறக்கம் கெடும். மனச்சோர்விலும் இவையே வரும். சர்க்கரை மிகத் தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு தோன்றும்; அச்சத் தாக்குதலிலும் அவையே தோன்றும். ஆகவே படபடப்பு என்று சொல்பவரிடம் முதலில் சர்க்கரையைச் சோதிப்பதே முறை. எண் சரியாக இருந்தும் படபடப்பு தொடர்ந்தால் மனத்தை விசாரிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் நோக்குவோர் மற்றதைத் தவறவிடுவர்.

நமது சமூகச் சூழல்

மேலைநாட்டு அளவுகோல்களில் இடம்பெறாத சுமைகள் சில நமது மண்ணில் உண்டு. முதலாவது சமையலறை. நம் நாட்டுக் குடும்பங்களில் உணவு தனிமனிதருடையதன்று. ஒரே அடுப்பில் எல்லார்க்குமாக ஆவது. கணவனுக்கு நீரிழிவு என்றால் மனைவி அவருக்கெனத் தனியாகச் சமைக்க முற்படுகிறாள். அவளுக்கே நோய் வந்தால்? பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் பிடித்ததை ஆக்கி வைத்துவிட்டு, எஞ்சியதை நேரங்கடந்து உண்பாள். தனக்கென ஓர் உணவு வேண்டும் என்று கேட்பதே தன்னலம் என்று அவள் எண்ணும்படி வளர்க்கப்பட்டிருக்கிறாள். 'உணவுக் கட்டுப்பாடு இல்லை' என்று அவளது அட்டையில் எழுதப்படும் குறிப்பு உண்மையே ஆயினும், கட்டுப்பாடு அவள் கையில் இல்லை என்பதே முழு உண்மை.

அடுத்தது விரதமும் விருந்தும். பீகாரில் சத் வழிபாட்டின்போது ஏறத்தாழ 36 மணி நேரம் தண்ணீரும் அருந்தாமல் நோன்பிருக்கும் பெண்கள் உண்டு. வட மாநிலங்களில் கர்வா சௌத் நாளில் கணவன் நலம் வேண்டி நிலவு தோன்றும்வரை பட்டினி இருப்பர். ரமலான் மாதத்தில் பகல் முழுதும் நோன்பு. ஏகாதசி நாடெங்கும் உண்டு. இன்சுலினோ, சர்க்கரையை விரைந்து தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவருக்கு இந்நாள்கள் ஆபத்தானவை. நோன்பை விட்டால் இறைவனிடமும் குடும்பத்திடமும் குற்றவாளி. நோற்றால் மருத்துவரிடம் குற்றவாளி. மருந்தின் அளவையும் வேளையையும் முன்கூட்டியே மாற்றிக்கொண்டு பலர் நோன்பிருக்க இயலும். சிலர் அறவே தவிர்க்க வேண்டும். இதைக் கேட்டறிய ஒருமாதம் முன்னரே மருத்துவரிடம் வர வேண்டும். திட்டு விழும் என்று அஞ்சுபவர் வருவதில்லை. தாமாகவே மருந்தை நிறுத்திவிட்டு நோற்கிறார்.

மூன்றாவது, மறைத்து வாழ்தல். முதல் வகை நீரிழிவு பெரும்பாலும் சிறுவயதில் தொடங்குவது. உயிர் தரிக்க அன்றாடம் பலமுறை இன்சுலின் ஊசி தேவைப்படுவது. இந்நோயுள்ள பெண் பிள்ளையின் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் திருமணத்தைப் பற்றியே. பள்ளியில் சொன்னால் ஊரில் பரவும் என்று ஆசிரியரிடமும் மறைக்கின்றனர். வகுப்பில் சர்க்கரை தாழ்ந்து குழந்தை தடுமாறினால், நினைவு தப்புமுன் ஒரு கரண்டிச் சர்க்கரை கொடுக்க அருகில் எவர்க்கும் தெரியாத நிலை இதனால் உண்டாகிறது. பெரியவர்களிடத்தும் மறைப்பு உண்டு. பேருந்து ஓட்டுநர் வேலை போய்விடும் என்றும், ஒப்பந்தத் தொழிலாளி அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்றும் மறைக்கிறார். 'ஊசி போட ஆரம்பித்தால் கடைசிக் கட்டம்' என்ற தவறான நம்பிக்கை இரண்டாம் வகை நோயாளிகளிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. இன்சுலின் தேவை என்று கேட்டதும் அவர்கள் அழுவது மருந்துக்காக அன்று. தாம் தோற்றுவிட்டதாகக் கருதியே. ஆண்டுகள் செல்லச்செல்லக் கணையத்தின் சுரப்பு குறைவது இந்நோயின் இயல்பு என்பதை முதல் நாளே யாரேனும் சொல்லியிருந்தால் அந்தக் கண்ணீர் மிஞ்சியிருக்கும்.

பணச்சுமையைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. அரசு நிலையங்களில் மருந்து இலவசம். ஆனால் கூலி வேலை செய்பவருக்கு மருந்து வாங்க வரும் நாள் ஊதியமற்ற நாள்.

திட்டும் எண்ணும்

மருத்துவ நிலையத்தில் அடிக்கடி காணும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. எண் ஏறியிருக்கிறது. 'மாம்பழம் சாப்பிட்டீர்களா? சொன்னால் கேட்பதில்லையே!' என்று மருத்துவர் கடிந்துகொள்கிறார். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அவர்க்கும் பொறுமை எஞ்சுவதில்லை. நோயாளி தலைகுனிந்து மருந்தின் அளவு கூட்டப்பட்ட சீட்டுடன் வெளியேறுகிறார். மறுமுறை வருவதற்கு இரண்டு நாள்களுக்கு முன்பிருந்து அரைவயிறு உண்கிறார். விட்டிருந்த மாத்திரைகளை ஒழுங்காக விழுங்குகிறார். வெறும் வயிற்று எண் நன்றாக வருகிறது, மருத்துவர் மகிழ்கிறார். எச்பிஏ1சி பார்க்கும் வசதி இருந்தால் உண்மை வெளிப்படும். இல்லையேல் அட்டை பொய் பேசும். அதைவிட வருந்தத்தக்கது, மூன்றாம் முறை அவர் வராமலே போவது. பதிவேட்டில் அவர் 'தொடர் சிகிச்சையிலிருந்து விலகியவர்' ஆகிறார். விலகியதற்கான காரணத்தை எழுதப் பதிவேட்டில் இடமில்லை.

கடிதல் மருந்தன்று. உளைச்சலில் இருப்பவரிடம் கூடுதல் அச்சமூட்டினால் அவர் கூடுதலாக மறைக்கிறார். மாத்திரை விடுபட்டதா என்று கேட்பதற்கும், 'மாதத்தில் சில நாள் மாத்திரை விட்டுப்போவது பலருக்கும் நேர்வதுதான். உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போயிற்று?' என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்க எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை.

இரு திட்டங்கள், ஒரு நோயாளி

தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கியது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் அதன் அங்கமாயிற்று. புற்றுநோய், நீரிழிவு, இதயநோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டம் 2010-இல் 100 மாவட்டங்களில் தொடங்கி, 2023-இல் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் எனப் பெயர் மாறியது. இரண்டும் நல்ல திட்டங்களே. ஆனால் இரண்டும் தனித்தனிக் கோப்புகள், தனித்தனி இலக்குகள். 2023-ஆம் ஆண்டு மே 17 அன்று, 2025-க்குள் 7.5 கோடி நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளைத் தரமான சிகிச்சையில் சேர்ப்பது என்று மத்திய அரசு இலக்கு அறிவித்தது. சேர்க்கப்பட்டோர் எத்தனை பேர் என்பது அவ்வாறு எண்ணப்படும். சேர்ந்தவர் எந்த மனநிலையில் நீடிக்கிறார் என்பது எண்ணப்படுவதில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, மனநோய்களுக்குச் சிகிச்சை பெறாதோர் விகிதம் பெரும்பாலான பிரிவுகளில் 70 சதவீதத்துக்கு மேல் என்று கண்டது. இவர்களுக்கென்று தனி மனநல மருத்துவர்களை ஊர்தோறும் அமர்த்துதல் அண்மையில் நடக்கக்கூடியதன்று.

வழி அடைபட்டுவிடவில்லை. 30 வயது கடந்தோரை வீடுவீடாகச் சென்று மதிப்பிட ஆஷா பணியாளர்கள் நிரப்பும் படிவத்தின் பிற்பகுதியில், கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமின்மை இருந்ததா, மனம் தளர்ந்து நம்பிக்கை இழந்த நிலை இருந்ததா என்ற இரு வினாக்கள் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளன. மதிப்பெண் வரம்பைத் தாண்டினால் சமுதாய சுகாதார அலுவலரிடமோ மருத்துவ அலுவலரிடமோ அனுப்ப வேண்டும். இது பாராட்டத்தக்க முன்னேற்றம். ஆனால் இரு குறைகள் உள்ளன. அப்படிவம் நோயைக் கண்டறிவதற்கு முந்திய கட்டத்துக்குரியது; உளைச்சல் வளர்வதோ கண்டறிந்தபின். மேலும், அவ்வினாக்கள் மனச்சோர்வைத் தேடுபவை. நீரிழிவுச் சுமையை நேரே தொடுவதில்லை. அதற்கும் இரண்டே வினாக்கள் கொண்ட சுருக்க அளவுகோல் 2008 முதல் வழக்கில் உண்டு. நீரிழிவோடு வாழ்வதன் தேவைகள் மலைப்பூட்டுகின்றனவா என்பது ஒன்று. சிகிச்சை முறைகளைக் கடைப்பிடிப்பதில் அடிக்கடி தவறுவதாகத் தோன்றுகிறதா என்பது மற்றொன்று. இரத்த அழுத்தம் பார்க்கும் நேரத்தில் செவிலியர் இவற்றைக் கேட்டுவிடலாம்.

கேட்டபின் என்ன செய்வது என்ற வினா எழும். சென்னை, பெங்களூர், டெல்லி, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களின் நான்கு நீரிழிவு மருத்துவ நிலையங்களில், மனச்சோர்வு அறிகுறிகளும் சரிவரக் கட்டுப்படாத நோயும் கொண்ட 404 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு 2020-இல் முடிவு வெளியாயிற்று. ஒரு பிரிவினர்க்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினர்க்கு அத்துடன், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் ஓராண்டுக்காலம் துணை நின்றார். அவர் நோயாளியோடு பேசுவார், ஊக்கமளிப்பார், முன்னேற்றத்தைக் குறித்து வைப்பார். மனநல நிபுணரும் நீரிழிவு நிபுணரும் நோயாளிகளின் பதிவுகளை அவ்வப்போது கூடி ஆராய்ந்து, சிகிச்சை மருத்துவர்க்கு ஆலோசனை கூறுவர். இரண்டாண்டு முடிவில், மனச்சோர்வும் குறைந்து, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் சீர்பட்டவர் எண்ணிக்கை இப்பிரிவில் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருந்தது. துணை நிறுத்தப்பட்டு ஓராண்டு கழிந்தபின்னும் பயன் நிலைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இவை நகர நிலையங்கள். துணைச் சுகாதார நிலையத்தில் இதே அளவு பயன் கிட்டுமா என்பதைச் செய்துபார்த்தே அறியலாம். ஆனால் நிபுணர் பற்றாக்குறை நிலவும் நாட்டில் ஒரு நிபுணரின் அறிவைப் பல நூறு பேருக்குப் பகிர்ந்தளிக்கும் முறை இது.

உளைச்சல் மட்டும் உள்ளவர்க்கு மனநோய் மாத்திரை தேவையில்லை. அவர் சுமையாகக் கருதுவது எது என்று கேட்டு, அதில் ஒன்றையேனும் இலேசாக்குதலே சிகிச்சை. மூன்று வேளை மருந்தை இரு வேளையாக்க முடியுமா என்று பார்ப்பது, மாமியாரையும் ஒருமுறை அழைத்து வரச் சொல்வது, ஊசி ஏன் என்று விளக்குவது போன்றவை இதில் சேரும். மனச்சோர்வு நோய் உள்ளவர்க்கு உரிய மருந்தும் உளவியல் சிகிச்சையும் வேண்டும். இங்கே மருத்துவ அலுவலர்க்கு ஓர் எச்சரிக்கை: மனநோய்க்குத் தரப்படும் மருந்துகளில் ஓலன்சாபின், குளோசாபின் போன்றவை எடையையும் சர்க்கரையையும் ஏற்றுபவை. மனநலப் பிரிவில் தொடங்கும் சிகிச்சையை நீரிழிவுப் பிரிவு அறியாதிருத்தல் ஆகாது. சாக எண்ணுவதாகச் சொல்பவரிடம் இன்சுலின் கையிருப்பு இருக்கும் என்பதையும் மறத்தல் கூடாது. அந்நிலையில் அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல் குடும்பத்தாரிடம் ஒப்படைத்து, மாவட்ட மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் மாநில மொழிகளில் ஆலோசனை பெறலாம். நீரிழிவு அட்டையின் பின்புறத்தில் இவ்வெண்ணை அச்சிடுவதற்கு மாவட்ட நிர்வாகம் மேலிட ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அட்டையின் முன்புறத்தில் எடைக்கு அடுத்த கட்டம் வரையப்படும்வரை, செவிலியர் அவ்விரு வினாக்களுக்கான விடைகளை ஓரத்தில் கையால் குறித்து வரலாம்.